சட்டை போட்ட மணல் மூட்டை

பெருமதிப்பிற்குரிய மூத்த சகலை அவர்களுக்கு,

உங்கள் இளைய சகலை, ஓய்வுபெற்ற லிப்ட் பரிசோதகர், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இருக்கிறேன். உங்கள் கொழுந்தியாள் என்னைவிட நலமாக இருக்கிறாள். அந்தக் கூடுதல் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே உங்கள் முழங்கால், அக்காவின் ரத்த அழுத்தம், மொட்டைமாடி ரோஜாத் தொட்டிகள் எல்லாம் சௌக்கியம் என்று நம்புகிறேன். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் நீங்கள் இங்கே வந்து உங்கள் கொழுந்தியாளிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வராவிட்டால் அன்று காலை நான் எங்கள் குளியலறைத் தரையில் மல்லாந்து படுக்க வேண்டியிருக்கும். படுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தும் தொலைத்துவிட்டேன். இதைப் போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர். அக்கா காதில் விழுந்தால் விஷயம் அடுத்த நிமிடமே இங்கே வந்து சேரும். அதனால்தான் கடிதம். தயவுசெய்து இதையும் சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம்.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். சில மாதங்களுக்கு முன்பு ஒரு காலையில் அவள் கடைத்தெருவிலிருந்து வந்து துணிப்பையைச் சமையலறைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் அலமாரியில் இருந்த டம்ளர்கள் எல்லாம் ஒருமுறை பேசி ஓய்ந்தன. பூசணிக்காய் என்று நினைத்துப் பைக்குள் கையை விட்டேன். இரும்பு. மூக்கும் மூடியும் உடைந்துபோன கெட்டில் மாதிரி ஒரு குண்டு, அதன் தலையில் கெட்டியாக ஒரு கைப்பிடி. இதற்குப் பெயர் கெட்டில்பெல் என்றாள். இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டேன். தூக்குவது என்றாள். எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று கேட்டேன். எங்கேயும் இல்லை, தூக்கிவிட்டு அதே இடத்தில் வைப்பது என்றாள். சகலை, நான் வேலை பார்த்த காலம் முழுக்கப் பாரம் தூக்குவதைத்தான் பரிசோதித்தேன். எங்கள் துறையில் ஒரு பாரத்தைத் தூக்கினால் அது வேறு மாடியில் போய் இறங்கும். தூக்கிய இடத்திலேயே இறக்குவதற்குப் பழுது என்று பெயர். இதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அந்தக் குண்டை இரண்டு கால்களுக்கு நடுவே ஊஞ்சல் ஆட்டி மார்பு உயரத்துக்கு ஏற்றினாள். நான் பேச்சை நிறுத்திக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன், ஏனென்றால் உண்மையில் அது பார்க்க நன்றாக இருந்தது. கை தூக்கவில்லை, இடுப்புதான் தள்ளுகிறது, கை வெறும் கயிறு. லிப்ட்டிலும் கயிறு தூக்குவதில்லை, மோட்டார்தான் தூக்குகிறது. அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து நானும் அந்தக் குண்டைப் பிடித்துப் பார்த்தேன். என்னுடைய இடுப்பு தள்ளவில்லை, ஒரு சத்தம் மட்டும் போட்டது. குண்டு என் கையைவிட்டுத் தரையில் இறங்கி ஒரு டைலில் விரிசல் விட்டது. அவள் வந்து பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அந்த இடத்தில் ஒரு ரப்பர் விரிப்பு கிடந்தது. கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

அதற்கடுத்து வந்தது கதாயுதம். நான் கிண்டலுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நீளமான இரும்புத் தண்டு, நுனியில் இரும்பு உருண்டை, மேடை நாடகத்தில் அட்டையில் செய்து தங்கக் காகிதம் ஒட்டுவார்களே அதே உருவம், இது மட்டும் அட்டை இல்லை. யாரை அடிக்க என்று கேட்டேன். தோளுக்கு நல்லது என்றாள். யாருடைய தோளுக்கு என்று தெளிவாகச் சொல்லவில்லை. தினமும் காலையில் கூடத்தின் நடுவில் நின்று, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அதை ஒரு தோளுக்கு மேலாகக் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, மறு தோள் வழியாக முன்னால் கொண்டுவருகிறாள். உருண்டை சுற்றும்போது ஒரு மெல்லிய காற்று வருகிறது, அதில் என் செய்தித்தாள் தானாகப் பக்கம் புரள்கிறது. பாதுகாப்பு என்பது என் ரத்தத்தில் ஊறிய விஷயம் என்பதால் நான் சுண்ணாம்புக்கட்டி எடுத்து உருண்டை எட்டுகிற தூரத்தை அளந்து தரையில் ஒரு வட்டம் போட்டேன். அவள் அந்த வட்டத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தாள். நான் அந்தப் பக்கமாகத் தேநீரோடு நடந்தால், "கோடு, கோடு" என்பாள். நான் போட்ட கோட்டுக்கு வெளியே நானே சுவரை ஒட்டி நடந்து சமையலறைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பார்சல் கொண்டுவருகிறவர் ஒருநாள் கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே தலையை நீட்டினார், நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் பார்சல்கள் எல்லாம் படிக்கட்டில் கிடைக்கின்றன. கீழ்வீட்டில் பல் டாக்டர் மருத்துவமனை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அவர் ஒருநாள் மேலே வந்து, பல்லைக் குடையும்போது கூரையில் தொம்மென்று சத்தம் வந்தால் நோயாளிகள் வாயை மூடிவிடுகிறார்கள், என் விரல் உள்ளே இருக்கிறது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் வேடிக்கைதான், நான் இதற்காகக் கடிதம் எழுதுகிறவன் இல்லை. எனக்கு வலித்தது வேறு ஒரு விஷயம். நாங்கள் குடித்தனம் தொடங்கிய நாளிலிருந்து இந்த வீட்டில் இறுகிப்போன பாட்டில் மூடியைத் திறப்பவன் நான். காஸ் சிலிண்டரைத் தூக்கி மாற்றுபவன் நான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிச்சமிருந்த பதவிகள் இவைதான். ஒரு மாலை நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சிலிண்டர் மாறியிருக்கிறது. யார் வந்து மாற்றியது என்று கேட்டேன். "நான்தான், எதுக்கு உங்களை எதிர்பார்த்துக்கிட்டு" என்று வெங்காயம் நறுக்கியபடியே சொன்னாள். அடுத்த வாரம் மர அலமாரி ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போயிருந்தது. அந்த அலமாரியை நாங்கள் வாங்கிவந்தபோது நீங்களும் நானும் சேர்ந்து தூக்கி, நீங்கள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டது நினைவிருக்கும். பாட்டில் மூடிகளை இப்போது அவள் கதவு திறப்பதைப்போலத் திறக்கிறாள். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது, சகலை. நான் இல்லாமல் இருந்து பழகுகிறாளோ என்று தோன்றியது. இரண்டு பேரில் யாராவது ஒருவர் முந்திப் போவார்கள், போகட்டும், ஆனால் அதற்கு இவ்வளவு முன்னேற்பாடா? நான் செய்தித்தாளுக்குப் பின்னால் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போதேவா?

கேட்கத் தைரியமில்லாததால் துப்பறியப் புறப்பட்டேன். வாரத்தில் சில நாள் சாயங்காலம் அவள் எங்கேயோ போய்வருகிறாள் என்பது தெரியும், ஒருநாள் பின்னாலேயே போனேன். டயர் கடைக்குப் பின்புறம் ஒரு பழைய கார் கொட்டகை. உள்ளே பெண்கள் மட்டும், ஒருத்தி பேருந்து ஓட்டுகிறவள், ஒருத்தி பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, இன்னும் சிலர். யாரும் கண்ணாடி முன்னால் நின்று புஜம் பார்த்துக்கொள்ளவில்லை. மூட்டைகளைக் கட்டிப்பிடித்துத் தூக்குகிறார்கள், தோளில் போடுகிறார்கள், கொட்டகையின் அந்தக் கோடிவரை சுமந்துபோய் இறக்குகிறார்கள். நான் டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, சுவாரசியத்தில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தும் விட்டேன். பயிற்சி சொல்லித்தருகிறவள் ஒரு ஒல்லியான பெண், எல்லோரும் கோச் என்று கூப்பிடுகிறார்கள். அவள் திரும்பாமலேயே, டயருக்குப் பின்னால் இருக்கிறவர் உள்ளே வந்து உட்காரலாம், அங்கே கொசு அதிகம் என்றாள். போய் உட்கார்ந்தேன். உங்கள் கொழுந்தியாள் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றுமே நடக்காதது மாதிரி மூட்டையை இன்னொரு முறை தூக்கினாள். சும்மா இருக்க முடியாமல் கோச்சிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். இரும்புக் கட்டிதான் அளவாக இருக்குமே, எதற்கு மணல் என்று கேட்டேன். இரும்பு முறைப்படி கனக்கும், மணல் அது இஷ்டத்துக்குக் கனக்கும், ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் வழிந்து ஓடும், மனுஷங்களும் அப்படித்தான் என்றாள். அந்தக் கடைசிப் பேச்சு எனக்குள் எங்கேயோ போய் இடித்தது, ஆனால் அப்போது எனக்கு அது பிடிபடவில்லை.

பிடிபட்டது வீட்டில்தான். சில நாள் கழித்து ஒரு மத்தியானம் பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் யாரிடமோ பேசுகிற சத்தம். "பயப்படாதீங்க, என் கழுத்தைப் பிடிச்சுக்கோங்க. இடது காலை ஊனுங்க. ஊனுங்க, நான் பிடிச்சிருக்கேன்." என்னிடம் அந்தக் குரலில் பேசி எத்தனையோ காலமாகிறது. நான் உடனே கதவைத் திறக்கவில்லை, நாகரிகம் கருதி ஒரு முறை இருமிவிட்டுத் திறந்தேன். அறையில் வேறு ஆள் யாரும் இல்லை. தரையில் ஒரு பெரிய மணல் மூட்டை. அதற்கு என்னுடைய பழைய நீலக் கோடு போட்ட சட்டையை மாட்டிவிட்டுப் பொத்தானெல்லாம் மாட்டியிருந்தாள். அதைப் பின்னாலிருந்து அணைத்துத் தூக்கி ஒரு நாற்காலியில் உட்காரவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை எதற்கு என்று கேட்டேன். சாக்கு கையை அறுக்கிறது என்றாள். பேச்சு யாரோடு என்று கேட்டேன். மூச்சு விடுவதற்கு என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் புறப்பட்டுவிட்டாள்.

நான் சும்மா விடுவேனா? ஒரு லிப்ட்டைப் பயன்பாட்டுக்கு விடும் முன் அதில் மூட்டைகளை ஏற்றிப் பார்ப்போம். ஒவ்வொரு மூட்டையும் ஒரு ஆளுக்குப் பதில். அதனால் என் கண்ணுக்கு மூட்டை என்றாலே அது யாரோ ஒரு ஆள்தான். இது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. எடைக் கருவியைக் கொண்டுவந்து வைத்தேன். மூட்டையை அதன் மேல் ஏற்ற என்னால் முடியவில்லை. தள்ளினேன், உருட்டினேன், காலால் நெம்பினேன், அது என் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. கடைசியில் வாயைக் கட்டிய கயிற்றை அவிழ்த்தேன். உள்ளே மணல் சின்னச் சின்னப் பைகளாக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தேன், நிறுத்து முடித்த பிறகு அதில் இரண்டு பைகள் பிரிந்து அறை முழுக்க மணல். கூட்டிப் பார்த்தால் வந்த எண் எனக்கு நன்றாகத் தெரிந்த எண். போனமுறை மருத்துவர் என்னை நிறுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாரே, அதே எண். அதை இங்கே எழுதமாட்டேன், உங்கள் வீட்டில் அதற்குச் சிரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒரு குட்டிப் பை இருந்தது. சமீபத்தில் எனக்கு வயிறு போட்டிருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள், அந்த வயிறுதான் அது. சட்டையை விலக்கி மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதற்குப் பக்கவாட்டில் நல்ல கைப்பிடிகள் வைத்துத் தைத்திருந்தார்கள், நான்கையும் கத்தரியால் வெட்டியிருந்தாள்.

மணலுக்கு நடுவில் உட்கார்ந்தபடி அகப்பட்டுக்கொண்டேன். அவள் வாசலில் நின்று மணலைப் பார்த்தாள், எடைக் கருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அசடு வழிய, கைப்பிடியை ஏன் வெட்டினாய் என்று கேட்டேன்.

"உங்களுக்குக் கைப்பிடி இருக்கா?" என்றாள்.

சகலை, போன வருஷம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். வாளிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன், எலும்பு ஒன்றும் முறியவில்லை, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பல் டாக்டரும் பார்சல்காரரும் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். நான் அதை எல்லோரிடமும் வேடிக்கையாகவே சொல்லிவந்தேன், நீங்கள் போனில் அப்படிச் சிரித்தீர்கள். உங்கள் கொழுந்தியாள் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. எனக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "அன்னைக்கு நானும் இழுத்து இழுத்துப் பாத்தேன். முடியல. அவங்க வந்தப்போ நீங்க துண்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டீங்க. என் புருஷன் அப்படிக் கண்ணை மூடி நான் பாத்ததே இல்ல. இன்னொரு தடவை விழுந்தா நான் யாரையும் கூப்பிடுறதா இல்ல."

நான் இல்லாத நாளுக்குத்தான் அவள் பழகுகிறாள் என்று இத்தனை நாள் புழுங்கிக்கொண்டிருந்தேன். நான் இருக்கப்போகிற நாளுக்காக அவள் மணல் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து மணலை அள்ளிப் பையில் போட்டோம். அந்தக் குட்டிப் பையை மட்டும் நான் ஒளித்துவைக்கப் பார்த்தேன், கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. மூட்டையை நாற்காலியில் ஏற்றிவிட்டாள், அடுத்த நாளும் ஏற்றினாள். பிறகு என் பக்கம் திரும்பி, இனி ஆளோடு செய்து பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறைத் தரையில் படுங்கள் என்றாள். மூட்டையே போதாதா என்று கெஞ்சினேன். "மூட்டை பயப்படாது, நீங்க பயப்படுவீங்க. பயப்படுற ஆள் எப்படிக் கனக்கும்னு எனக்குத் தெரியணும்" என்றாள். இதற்கு நான் எப்படி மறுப்புச் சொல்வேன்? புதிய லிப்ட்டில் மூட்டை ஏற்றிச் சோதித்த பிறகு முதல் ஆளாக ஏறிப்போகிறவன் நான்தான், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அவள் முதுகு பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அவளால் தூக்க முடியாமல் போனால், இத்தனை மாதம் பாடுபட்ட அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? தூக்கிவிட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

அதனால் சகலை, தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, இந்த வயதில் இதெல்லாம் எதற்கம்மா என்று மூத்தவராக ஒரு வார்த்தை சொல்லவும். உங்கள் பேச்சுக்கு அவள் கட்டுப்படுவாள், என் விஷயத்தில் அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கு மட்டும்தான் கட்டுப்படுகிறாள். பேச்சு எடுபடாவிட்டால் எனக்குப் பதிலாக நீங்கள் படுத்தாலும் சரி, உங்கள் எடையும் என் எடையும் ஏறக்குறைய ஒன்று என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாற்றுத்துணி மறக்காமல் கொண்டுவரவும், தரை ஈரமாக இருக்கும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும், விழாத கால்களும், விழுந்தால் தூக்கும் கைகளும் கிடைக்கட்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த இளைய சகலை

பின்குறிப்பு: தபால் தலை தீர்ந்துபோனதால் இந்தக் கடிதம் எழுதிய அன்று போகவில்லை, மேசையிலேயே கிடந்துவிட்டது. இது ஞாயிறு மத்தியானம் எழுதுவது. காலையில் படுத்தேன். தரை ஜில்லென்று இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கைகழுவும் தொட்டியின் அடிப்பக்கம் தெரிகிறது, அங்கே ஒரு குழாய் கசிகிறது, மேலே நின்றால் யாருக்கும் தெரியாது. அதை அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்துவிட்டாள். எனக்குக் கூச்சம் வந்து சிரித்துவிட்டேன். சிரித்தால் கனம் கூடுகிறது, வாயை மூடுங்கள் என்றாள். மூடினேன். கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். இடது காலை ஊன்றினேன். எப்படி நடந்தது என்று ஒரு பரிசோதகனாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் மூச்சு வாங்க என் சட்டையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "நீங்க கண்ணை மூடல, பாத்தீங்களா" என்றாள்.

ஆகையால் மேலே எழுதியது முழுவதையும் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். நீங்கள் வர வேண்டாம், அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வேறொரு உதவி வேண்டும். நீ விழுந்தால் என்ன செய்வது என்று அவளிடம் கேட்டேன். கீழே குரல் கொடுங்கள், பல் டாக்டர் நல்லவர்தான், வருவார் என்றாள். உன் எடை என்ன என்று கேட்டேன், சொல்லமாட்டேன் என்கிறாள். அக்காவிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்து அந்த ஒரு எண்ணை மட்டும் தெரிந்து எழுதவும். தோராயமாக மணலைப் போட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் விழுகிற நாளில் நானும் யாரையும் கூப்பிடுவதாக இல்லை.